ஏழாவது காலம்

ஆறு மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பது. மாலை நான்கு மணிக்கு விசாரணை. ரத்தப் பையின் வகையைக் கம்ப்யூட்டரில் மாற்றிய கை யாருடையது என்று அதற்குள் தெரியாவிட்டால், அண்ணியை ரத்த வங்கியிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

“தூக்கி எங்க போடுவாங்க?” என்று கேட்டாள் எறும்பு.

“ரெக்கார்டு ரூம்ல,” என்றார் சார். “பழைய ஃபைலுக்கு அட்டை ஒட்டுற வேலை. இனிமே ரத்தத்தைத் தொட விடமாட்டாங்க.”

அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் மொத்தம் நான்கு பேர். சார் தலைவர். எறும்பு கடைக்குட்டி. வந்தாலும் போனாலும் சத்தம் கேட்காததால் அவளுக்கு அந்தப் பெயர். வைத்தவர் பக்கத்து நாற்காலிக்காரர். அவருக்கு வானொலி என்று பெயர் வைக்க யாரும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான்காமவருக்குக் குழந்தை பிறந்து, திங்கட்கிழமையிலிருந்து விடுப்பு.

நடந்தது இதுதான். 4471ஆம் எண் ரத்தப் பை ஓ பாசிட்டிவ். பையில் ஒட்டிய சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. நேற்று மாலை அதை எடுக்கப் போனபோது, கம்ப்யூட்டர் அதை ஓ நெகட்டிவ் என்றது. எடுத்தவர் சீட்டையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆளாக இருந்ததால் யார் உடம்பிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால் ஓர் உயிர் போயிருக்கலாம். திரையில் இருந்ததை அவர் அங்கேயே சரிசெய்துவிட்டார். அதனால், கடைசியாக மாற்றியவர் என்ற இடத்தில் இப்போது அவருடைய எண்தான் இருக்கிறது. முதலில் கெடுத்தவர் யார் என்பது திரையிலிருந்து போய்விட்டது.

இரண்டு வாரம் முன்பு அந்தப் பையைப் பதிவு செய்தவர் அண்ணி. அதனால் எல்லார் கண்ணும் அண்ணி மேல்.

“லாக்ல இருக்கும், சார்,” என்றாள் எறும்பு. “போன வாரம் புதன்கிழமை சாயந்திரம் எடுத்த பட்டியல்ல பாசிட்டிவ்னுதான் இருக்கு. அதுக்கப்புறம்தான் மாறியிருக்கணும்.”

“இருக்கும். ஆனா அவங்க உன் அண்ணி. நீ பாக்கக் கூடாது.”

“சரி சார். நீங்க பாருங்க.”

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். வானொலி திடீரென்று தன் விசைப்பலகையில் தூசி தட்ட ஆரம்பித்தார். லாக்கைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

“வானொலி உன் பக்கத்துலயே உக்காந்திருப்பார்,” என்றார் சார் கடைசியில். “நீ தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் பாப்பார்.”

“கண்ணு நான் பாத்துக்கறேன் சார்,” என்றார் வானொலி. “வாய்க்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது.”

லாக் என்பது டேட்டாபேஸ் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு. யார் எதை மாற்றினாலும், மாறுவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது, மாறிய பின் எப்படி ஆனது என்று இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டே போகும். மணிக்கு ஒரு கோப்பு. ஆனால் அது மனிதர் படிப்பதற்காக எழுதுவதில்லை. அப்படியே திறந்தால் கரையான் அரித்த பக்கம் போல இருக்கும். தினமும் காலை பத்து மணிக்கு, ஏழு நாள் தாண்டிய கோப்புகளைத் தானாக ஓடும் ஒரு வேலை வந்து துடைத்துவிட்டுப் போகும்.

எறும்பு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பத்தாறு.

“சார், இன்னும் பதினாலு நிமிஷத்துல போன புதன்கிழமையோட லாக் போயிடும். வியாழக்கிழமை காலையும் போயிடும். துடைக்கிற வேலையை நிறுத்தலாமா?”

“நிறுத்தணும்னா ரெஜிஸ்டர்ல எழுதணும். மூணு கையெழுத்து. ஒண்ணு சூப்பரிண்டெண்டெண்ட். அவர் இப்ப மாடியில மீட்டிங்ல இருக்கார்.”

எறும்பு அதற்குள் கோப்புகளை இன்னொரு வட்டுக்கு நகலெடுக்க ஆரம்பித்துவிட்டாள். நகலெடுக்க யார் கையெழுத்தும் வேண்டாம். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. அதில் சாகப்போகிற இருபத்துநான்கு முதலில். வட்டு பழசு. ஒவ்வொரு கோப்பும் மாவு சலிப்பது போல மெல்ல இறங்கியது.

“பத்தொன்பது,” என்றார் வானொலி. “மணி அம்பத்தஞ்சு. இருபது. ஏம்மா, இதுக்கு நான் கையால எழுதியே முடிச்சிருப்பேன். இருபத்தொண்ணு.”

“பேசாதீங்க அண்ணா. பேசினா மெதுவா போகுது.”

“நான் பேசினா வட்டு மெதுவாகுமா?”

“எனக்கு மெதுவா போற மாதிரி இருக்கு.”

இருபத்துநான்காவது கோப்பு முழுதாக வந்து சேர்ந்தபோது ஒன்பது ஐம்பத்தொன்பது. ஒரு நிமிடம் கழித்து, மூலத்தில் இருந்த இருபத்துநான்கும் ஒவ்வொன்றாக மறைந்தன. எறும்பு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளுக்குள் என்னவோ துள்ளியது. அண்ணிக்கு இப்படி ஒரு நிலை வந்திருக்கும்போது துள்ளலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. ஆனால் துள்ளியது துள்ளியதுதான். அதை என்ன செய்ய முடியும்?

மற்ற கோப்புகள் இறங்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் இருபத்துநான்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். பிரித்தால் எழுத்தாகும், அவ்வளவுதான். எழுத்தானாலும் வாக்கியம் ஆகாது. ஒவ்வொரு மாற்றமும் இப்படித்தான் வரும்: மேலே பழைய வரி, கீழே புது வரி. ஒவ்வொரு வரிக்குள்ளும் @1, @2, @3 என்று எண்கள், பக்கத்தில் மதிப்புகள். எது பை எண், எது வகை, எது ஆள் என்று பெயரே இருக்காது. முதலாவது காலம், இரண்டாவது காலம், மூன்றாவது காலம் என்ற வரிசை மட்டும்தான்.

அந்த அறையில் காலம் என்றால் நேரமில்லை. அட்டவணையில் மேலிருந்து கீழே ஓடுகிற கட்டவரிசைக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வானொலி அவளிடம், “இங்க நாலு காலம் காலி, ரெண்டு காலம் தப்பு, ஒரு காலம் யாருக்குமே புரியாது” என்றபோது, இவர் ஏதோ வாழ்க்கையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டியிருக்கிறாள்.

எண்களுக்குப் பக்கத்தில் பெயரை ஒட்டுவதற்கு அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். அட்டவணையின் காலப் பெயர்களை வரிசையாக எடு, @1க்குப் பக்கத்தில் முதல் பெயரை வை, @2க்குப் பக்கத்தில் இரண்டாவதை வை. நாற்பது வரி. விரல்கள் தாமாகவே ஓடின. பரீட்சையில் நன்றாகத் தெரிந்த கேள்வி வந்தபோது ஓடுமே, அப்படி.

பிறகு 4471ஐத் தேடினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. ரத்தம் கொடுத்தவரின் எண் 4471, ஒரு நோயாளியின் சீட்டு எண் 4471, யாரோ ஒருவர் தொலைபேசியின் கடைசி நான்கு இலக்கம் 4471.

“ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் இதே நம்பரைத்தான் வச்சிருக்காங்க போல,” என்றார் வானொலி.

பைகள் அட்டவணையை மட்டும் வடிகட்டினாள். அதிலும் முதல் காலத்தில் 4471 இருக்கிற வரியை மட்டும். இதற்குள் மற்ற கோப்புகளும் இறங்கிவிட்டன. எல்லாவற்றிலும் ஓடவிட்டாள். பதினொன்று ஐம்பதுக்குத் திரையில் இரண்டே இரண்டு மாற்றங்கள் நின்றன. ஒன்று நேற்று மாலை, சரிசெய்தது. இன்னொன்று போன வியாழக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டு.

சாகவிருந்த இருபத்துநான்கில் ஒன்று.

முதலில் நேற்றைய வரியைத்தான் படித்துப் பார்த்தாள். நிரல் சரியா என்று சோதிக்க அதுதான் வழி, விடை தெரிந்த கணக்கு அது. மாற்றியவர் 22, நேற்று பையை எடுத்தவரின் எண். சரி. வகை நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ். சரி. இம்மி பிசகவில்லை.

பிறகு வியாழக்கிழமை.

வகை: பாசிட்டிவிலிருந்து நெகட்டிவ்.

மாற்றியவர்: 14.

வானொலி வாயைத் திறந்தார். மூடினார். அவர் அப்படி மூடி அவள் பார்த்ததேயில்லை.

பதினான்கு அண்ணியின் எண்.

“இன்னொரு தடவை ஓட்டிப் பாரும்மா,” என்றார்.

மூன்று தடவை ஓட்டினாள். மூன்று தடவையும் பதினான்கு. சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். அந்தப் பக்கத்தை அச்செடுத்தார். பன்னிரண்டு மணிக்கு முதல் அறிக்கை கொடுப்பதாக விசாரணை நடத்தப்போகிற டாக்டரிடம் சொல்லியிருந்தார். இரண்டு பிரதி. ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, இன்னொன்றோடு போய்விட்டார்.

ஒரு மணிக்கு அண்ணி வந்தாள். கையில் இரண்டு சாப்பாட்டு டப்பா. வெள்ளை மேலங்கியின் கைகளை மடித்துவிட்டிருந்தாள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே குளியலறை. காலையில் யார் முதலில் குளிப்பது என்பதில்தான் இருவருக்கும் சண்டை. வேறு எதற்கும் இல்லை.

“கேள்விப்பட்டேன்,” என்றாள் அண்ணி. “பதினாலாமே.”

எறும்பு தலையை நிமிர்த்தவில்லை.

“நாத்தனார் கையாலயே அண்ணிக்குத் தண்டனை. உங்க அண்ணன்கிட்ட சொன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல சோபாவுல ஒளிஞ்சுக்குவார்.” டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுடி. நீ என்ன பொய்யா சொன்னே? இருந்ததைப் படிச்சே.”

“நீங்க மாத்தினீங்களா அண்ணி?”

“நான் மாத்தலை. ஆனா உன் மெஷின் மாத்தினேன்னு சொல்லுது. கேள்விப்பட்டதுலருந்து யோசிச்சுப் பாத்துட்டேன். வியாழக்கிழமை ஒன்பது பன்னிரண்டுக்கு நான் வார்டுல ஊசி குத்திட்டிருந்தேன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன்தான். சாட்சிக்கு ஆள் இல்ல. குத்திக்கிட்டவங்களுக்கு என் முகமா ஞாபகம் இருக்கும்?”

சொல்லிக்கொண்டே மேசையில் கிடந்த தாளை எடுத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பை எண், கொடுத்தவர், எடுத்த தேதி, வகை, நெகட்டிவ், குளிர்பெட்டி மூன்று. பிறகு விரல் நின்றது.

“இது என்ன, தட்டு எண் முப்பத்தொண்ணு?”

“குளிர்பெட்டியில எந்தத் தட்டுல பை இருக்குங்கறது.”

“அது தெரியுது. எங்க பெட்டிக்கு ஆறு தட்டுதானே. மீதி இருபத்தஞ்சை உங்க அண்ணன் தலையிலயா அடுக்கி வச்சிருக்கோம்?”

எறும்பு தாளை வாங்கிப் பார்த்தாள். தட்டு எண் 31. மாற்றியவர் 14. அதற்கடுத்து கம்ப்யூட்டர் எண் என்ற இடத்தில் மாற்றிய நேரம் இருந்தது. நேரம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

காலையிலிருந்து அந்தக் கடைசி வெற்றிடத்தை அவள் கண் பார்த்திருக்கிறது. மனசு பார்க்கவில்லை. பதினான்கு என்ற எண் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

நாற்காலி தானாகப் பின்னால் போனது. அவள் எழுந்துவிட்டிருந்தாள்.

“அண்ணி,” என்றாள். “காலம் மாறியிருக்கு.”

“காலம் மாறித்தான் போச்சு. அந்தக் காலத்துல நாத்தனார்னா...”

“அது இல்ல அண்ணி. டேபிள்ல இருக்கற காலம். போன வியாழக்கிழமை தட்டு எண்ணுன்னு ஒரு காலமே கிடையாது. அது அப்புறம் வந்தது. குளிர்பெட்டிக்குப் பக்கத்துல, ஏழாவதா, நடுவுல நுழைச்சிருக்கு. அதனால அதுக்கு அப்புறம் இருக்கற எல்லாமே ஒவ்வொரு இடம் தள்ளிப் போயிடுச்சு. நான் பழைய வரிக்குப் புதுப் பேரை ஒட்டியிருக்கேன்.”

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி வானொலி கேட்டதில்லை. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“ஒரு ஆள் நடுவுல புகுந்தா வரிசையில எல்லாரும் ஒரு அடி பின்னால போற மாதிரி,” என்றார்.

“ஆமா. அப்ப ஏழாவது தட்டு இல்ல, அதுதான் ஆள். எட்டாவது ஆள் இல்ல, கம்ப்யூட்டர். பதினாலுங்கறது கம்ப்யூட்டர். குளிர் அறை வாசல்ல இருக்கே, அது.” அவள் நின்றுகொண்டே விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். “இருங்க, இது என் ஆசையா நிஜமான்னு பாக்கணும்.”

அந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. புதன்கிழமையிலிருந்து பைகள் அட்டவணையில் நடந்த எல்லா மாற்றத்தையும் எடுத்தாள். ஒவ்வொன்றிலும் எத்தனை காலம் என்று எண்ணச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று பத்து வரை எல்லா வரியிலும் ஒன்பது. அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் பத்து. கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் இருநூற்றுப் பதினான்கு மாற்றங்கள். அவற்றில் எட்டாவது காலத்தின் மதிப்பு ஒருமுறைகூடப் பதினேழைத் தாண்டவில்லை. ரத்த வங்கிப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர்கள் மொத்தம் பதினேழு. ஏழாவது முப்பத்தெட்டு வரை போனது. அங்கே கம்ப்யூட்டரில் எண் வைத்திருக்கிற ஆட்கள் முப்பத்தெட்டு.

உடம்பெல்லாம் லேசானது. அண்ணியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வழக்கம் இல்லாததால் அண்ணியின் டப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

“அது நான் இன்னும் சாப்பிடலைடி,” என்றாள் அண்ணி. குரல் ஒரு மாதிரி இருந்தது. மேலங்கிக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேர்க்குது, இந்த ரூம்ல காத்தே வரமாட்டேங்குது” என்றாள். ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றே முக்காலுக்கு சார் திரும்பி வந்தார். எறும்பு எல்லாவற்றையும் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். கோடு இருந்த இடத்தில் நாட்குறிப்பு இன்னொன்றையும் எழுதி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமை 13:10, பைகள் அட்டவணையில் ஒரு புதிய காலம், இடம் ஆறாவதற்குப் பின்.

“பிரமாதம்,” என்றார் முதலில். பிறகு முகம் மாறியது. “இதை யாரு செஞ்சது?”

அவர் ரெஜிஸ்டரை எடுத்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். ஒன்றுமில்லை.

“பொது லாகின்ல நடந்திருக்கு. நம்ம நாலு பேருக்கும் அந்த பாஸ்வேர்டு தெரியும். ஓடிட்டிருக்கற டேபிள்ல, பட்டப்பகல்ல, ரெஜிஸ்டர்ல எழுதாம, அதுவும் நடுவுல. புதுசா வர்ற காலம் கடைசியிலதான் நிக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? யாரா இருந்தாலும் சரி, இனி டேட்டாபேஸ் பக்கம் தலைவச்சுப் படுக்க முடியாது. பிரிண்டர் பிரிவுதான். போன வருஷம் ஒருத்தரை அனுப்பினேன்ல.”

அனுப்பப்பட்டவர் இப்போது மாடி மாடியாக ஏறி, சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருக்கிறார்.

“லாக்ல ஆள் பேர் வராதா?” என்று வானொலி எறும்பைக் கேட்டார்.

“வராது அண்ணா. லாகின் பேர் மட்டும்தான் தெரியும். விசைப்பலகைக்கு முன்னால யார் உக்காந்திருந்தாங்கன்னு தெரியாது.”

அது உண்மை. நாட்குறிப்புக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஒன்று பத்துக்கு அந்த அறையில் யார் இருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். நான்காமவர் குழந்தை பிறக்கப்போகிற மகிழ்ச்சியில் மற்ற இருவரையும் வெளியே சாப்பிடக் கூட்டிப் போயிருந்தார். குளிர் அறைக்காரர் போனில் கூப்பிட்டு, எந்தப் பை எந்தத் தட்டில் என்று எழுத ஓர் இடம் வேண்டும் என்று கெஞ்சினார். மூன்று நிமிட வேலை. பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் தட்டு எண் இருந்தால் பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

“விசாரிக்கலாம்,” என்றார் சார். “முதல்ல நாலு மணி விஷயத்தைப் பாப்போம். முப்பத்தொண்ணு யாரு?”

எறும்பு ஆட்கள் பட்டியலைத் திறந்தாள். வானொலியும் எட்டிப் பார்த்தார்.

“அடடா,” என்றார் மெதுவாக.

முப்பத்தொன்று விசாரணை நடத்தப்போகிற டாக்டர்.

ரத்த வங்கியின் தலைவி அவர். எந்தப் பட்டியலைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். ஸ்கேல் டாக்டர் என்றால்தான் வாசலில் இருக்கிற காவலாளிக்கும் தெரியும்.

நான்கு மணிக்கு அவருடைய அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். டாக்டர் மேசைக்குப் பின்னால், எதிரில் அண்ணி. பக்கவாட்டில் சார், வானொலி, எறும்பு. மேசையில் இரண்டு தாள்கள், பன்னிரண்டு மணித் தாளும் புதிய தாளும். டாக்டர் ஸ்கேலைப் புதியதின் மேல் வைத்தார். வரி வரியாக இறக்கினார். ஏழாவதில் நிறுத்தினார்.

“முப்பத்தொண்ணு என்னோட நம்பர்,” என்றார். “அதுக்கு ஏன் எல்லாரும் தரையைப் பாக்கறீங்க?”

யாரும் நிமிரவில்லை.

“போன வியாழக்கிழமை காலையில குளிர் அறை வாசல்ல. நான் அங்க போயிருக்கலாம், தினமும்தான் போறேன். இந்தப் பையைத் தொட்டதா ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லைங்கறதால நான் செய்யலைன்னு ஆகிடாது. செஞ்சிருந்தா என் பேர்லயே எழுதுவேன்.” பழைய தாளை இழுத்து, புதியதற்குப் பக்கத்தில் வைத்தார். “ஆனா பன்னிரண்டு மணிக்கு உங்க ரூம்லருந்து வந்த பேப்பர்ல பதினாலுன்னு இருந்தது. நாலு மணிக்கு முப்பத்தொண்ணாயிடுச்சு. நடுவுல என்ன ஆச்சு?”

“காலம் மாறிப்போச்சு டாக்டர்,” என்றார் வானொலி.

“அது எனக்கும் தெரியுது. பேப்பர்ல என்ன ஆச்சுன்னு கேக்கறேன்.”

சார் எறும்பைப் பார்த்தார். அவள் பேசத் தொடங்கியபோது முதல் இரண்டு வார்த்தை வெளியே வரவில்லை. மூன்றாவதிலிருந்து வந்தது. ஒன்பது, பத்து, ஒன்று பத்து மணிக் கோடு, இருநூற்றுப் பதினான்கு வரிகள், பதினேழு கம்ப்யூட்டர், முப்பத்தெட்டு ஆள். எண்களைச் சொல்லச் சொல்லக் குரல் நிமிர்ந்தது. கைகளால் காற்றில் கட்டம் போட்டுக் காட்டினாள். தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோயிற்று. டாக்டர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்கு சரியா இருக்கு,” என்றார் முடிவில். “நல்லா சொல்றே. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். டேபிள்ல அந்தக் காலத்தைச் சேத்தது யாரு?”

“ரெஜிஸ்டர்ல இல்ல டாக்டர்,” என்றார் சார். “பொது லாகின். விசாரிச்சிட்டிருக்கோம்.”

“அப்ப தெரியாது.”

“இப்போதைக்குத் தெரியாது.”

டாக்டர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

“என் இடத்துலருந்து யோசிச்சுப் பாருங்க. பேர் தெரியாத ஒரு கை ரத்தப் பை டேபிளுக்குள்ள புகுந்து ஒண்ணை மாத்தியிருக்கு. அதே கை வேற எதை மாத்துச்சு? ரெண்டு வரியைத் திருத்துச்சா, இருபதா? தெரியாது. அந்த டேபிளை வச்சு ஒரு கணக்கு. கணக்கைப் போட்டது இவங்க நாத்தனார். இதை நம்பி இவங்க மேல தப்பில்லைன்னு நான் எழுதினா நாளைக்கு யாராவது சிரிக்க மாட்டாங்களா? என் பேரை எழுதிக்க எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இவங்களை விடணும்னா அந்தக் கைக்கு ஒரு பேர் வேணும். இதைத்தான் செஞ்சேன், வேற ஒண்ணும் செய்யலைன்னு அது என் முன்னால வந்து சொல்லணும். இல்லாட்டி காலையில வந்த பேப்பர்தான் நிக்கும்.”

சார் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி அங்கேயே செருகினார்.

எறும்பு தன் கைகளைப் பார்த்தாள். காலையில் விரல்கள் ஓடிய ஓட்டம் இன்னும் அவற்றில் இருந்தது. சாகப்போகிற கோப்பை இழுத்துக் கரையேற்றியது, அறுநூற்றுப் பன்னிரண்டில் இரண்டைப் பொறுக்கியது, கோடு பளிச்சென்று தெரிந்த அந்தக் கணம். இந்த ஒரு நாள் போல இன்னொரு நாள் அவளுக்கு வந்ததில்லை. பிரிண்டர் பிரிவில் இருப்பவருக்கு எந்த நாளும் அப்படி வராது.

“விடுங்க டாக்டர்,” என்றாள் அண்ணி. எழுந்து நின்றிருந்தாள். மேலங்கியின் மடித்த கையைப் பிரித்து, சுருக்கத்தை நீவிவிட்டாள். “யாரையும் தேட வேண்டாம். அட்டை ஒட்டறதும் ஒரு வேலைதான். பசை வாசனை எனக்குப் பிடிக்கும். இந்தப் பொண்ணு காலையிலருந்து எனக்காக ஒரு வாய் தண்ணி குடிக்கலை. அது போதும் எனக்கு.”

மேலங்கியின் முதல் பித்தானைக் கழற்றினாள். இரண்டாவதில் விரல் வைத்தாள்.

“அண்ணி, கழட்டாதீங்க.”

எல்லாரும் திரும்பினார்கள். எறும்பும் எழுந்துவிட்டாள். நாற்காலி தரையில் உராய்ந்து பெரிதாகச் சத்தம் போட்டது. அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததை அந்த ஆஸ்பத்திரி கேட்டதில்லை. அவள் சாரைப் பார்க்கவில்லை. நேராக டாக்டரைப் பார்த்தாள்.

“வெள்ளிக்கிழமை ஒண்ணு பத்துக்கு அந்த ரூம்ல நான் ஒருத்திதான் இருந்தேன், டாக்டர். ஒரே ஒரு காலம், வேற எதையும் தொடலை. பாக்க ஒழுங்கா இருக்கட்டும்னு நடுவுல வச்சேன், ரெஜிஸ்டர்ல எழுதலை. அந்தக் கை என்னோடது.”